‘த ஸ்பகெட்டி இன்சிடென்ட்?’: கன்ஸ் அண்ட் ரோஸஸின் கவர் ஆல்பம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆல்பம்?

லாஸ் ஏஞ்சல்ஸின் ஹார்ட் ராக் குழுவான கன்ஸ் அண்ட் ரோஸஸ் 1993 நவம்பர் 23 அன்று அமெரிக்காவில் வெளியிட்ட ஐந்தாவது ஆல்பம். வெளியிட்டது கெஃபன் நிறுவனம். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர், முதல் ஆல்பத்திலிருந்தே அவர்களோடு இருந்த மைக் கிளிங்க். உறையில் 12 பாடல்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அச்சில் இல்லாத 13ஆவது பாடல் ஒன்றும் இறுதியில் ஒளிந்திருக்கிறது. இந்த 13 பாடல்களில் ஒன்றைக்கூடக் குழுவினர் எழுதவில்லை. எல்லாம் மற்றவர்களுடையவை. இப்படிப் பிறர் பாடலைத் தம் குரலில் பாடுவதைத்தான் கவர் என்கிறார்கள்.

யார் யார் வாசித்தார்கள்?

பாட்டுக்கு ஆக்ஸல் ரோஸ், முன்னணி கிதாருக்கு ஸ்லாஷ், பேஸ் கிதாருக்கு டஃப் மெக்கேகன், டிரம்ஸுக்கு மேட் சோரம், கீபோர்டுக்கு டிஸ்ஸி ரீட். ரிதம் கிதாரில்தான் சிக்கல். இந்தப் பாடல்களில் பலவற்றின் ஒலிப்பதிவு, ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ இரட்டை ஆல்பங்களுக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது இஸ்ஸி ஸ்ட்ராட்லின் குழுவில் இருந்தார். 1991 நவம்பரில் அவர் விலகிவிடவே, அவர் வாசித்த பகுதிகளைப் புதிதாக வந்த கில்பி கிளார்க் மறுபடி வாசித்துப் பதிவுசெய்தார்.

பழைய டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவன் ஆட்லர் 1990இலேயே நீக்கப்பட்டிருந்தார். ஆனாலும் அவர் இந்த ஆல்பத்தில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. காரணம் அடுத்த பதிலில்.

இதென்ன பெயர்? ஸ்பகெட்டிக்கும் ராக் இசைக்கும் என்ன தொடர்பு?

ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பு வழக்கு மன்றத்தோடுதான். டஃப் பிற்காலத்தில் சொன்ன கதை இது. 1989இல் புதிய பாடல்கள் எழுதுவதற்காகக் குழு சிகாகோவில் தங்கியிருந்தது. ஆட்லர் தன் போதைப்பொருளைக் குளிர்பதனப் பெட்டியில், கடையிலிருந்து வாங்கிவந்த இத்தாலியச் சாப்பாட்டுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். அதனால் அதற்கு ஸ்பகெட்டி என்பதே சங்கேதப் பெயராகிவிட்டது. நீக்கப்பட்டபின் ஆட்லர் வழக்குப் போட்டார். விசாரணையின்போது அவருடைய வழக்கறிஞர், கொஞ்சமும் சிரிக்காமல், அந்த ஸ்பகெட்டி சம்பவத்தைப் பற்றி விளக்கும்படி டஃப்பைக் கேட்டார். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்ட ஒரு சண்டையைக் குறிக்கிறது என்று வேறொரு கதையும் உலவுகிறது. தலைப்பு மேற்கோள் குறிகளுக்குள்ளும் கேள்விக்குறியோடும் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்தால் வழக்கறிஞர் கதைதான் பொருந்துகிறது.

வழக்கு 1993இல் சமரசத்தில் முடிந்தது. ஆட்லருக்குக் கிடைத்தது 20 லட்சம் டாலருக்கும் மேல். விலையுயர்ந்த நகைச்சுவை.

சொந்தப் பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் ஏன் அடுத்தவர் பாட்டைப் பாடினார்கள்?

இவர்கள் முதலிலிருந்தே பாடியவர்கள்தான். 1988இல் வந்த ‘லைஸ்’ ஆல்பத்தில் ரோஸ் டாட்டூ, ஏரோஸ்மித் குழுக்களின் பாடல்கள் இருக்கின்றன. 1991இல் பால் மெக்கார்ட்னியின் ‘லிவ் அண்ட் லெட் டை’, பாப் டிலனின் ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ இரண்டையும் தங்களுடையவை போலவே ஆக்கிக்கொண்டார்கள். பங்க் ராக் (1970களில் எழுந்த, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் பாணி) பாடல்களை மட்டும் வைத்து ஒரு சிறு இசைத்தட்டு போடுவதுதான் முதல் எண்ணம். அது வளர்ந்து முழு ஆல்பமாயிற்று.

இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1991 ஜனவரியில் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணம் 1993 ஜூலை 17 அன்று பியூனஸ் அயர்ஸில் முடிந்தபோது இவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து புதிதாக எழுதும் நிலையில் இல்லை. எல்லாருக்கும் பிடித்த பழைய பாட்டை வாசிப்பதற்கு அவ்வளவு ஒற்றுமை தேவைப்படாது. ஆல்பத்தைக் கேட்கும்போது வாசிப்பில் மகிழ்ச்சி தெரிகிறது. ஆனால் அந்த மகிழ்ச்சி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்கிறது.

எந்தெந்தப் பாடல்கள்?

முதல் பாடலே ஏமாற்றுகிறது. பிட்ஸ்பர்கின் ஸ்கைலைனர்ஸ் குழு 1950களின் இறுதியில் பாடிப் புகழ்பெற்ற ‘சின்ஸ் ஐ டோன்ட் ஹேவ் யூ’ என்னும் காதல் சோகப்பாட்டு அது. பங்க் ஆல்பம் என்று நினைத்து வாங்கியவருக்கு முதலில் காதில் விழுவது தேனொழுகும் மெட்டு. ஆக்ஸல் அதை முழு மரியாதையோடுதான் பாடுகிறார், நடுவில் ஒரு வசைச்சொல்லைச் சாவதானமாகப் போட்டு உடைக்கும் வரை.

பிறகுதான் பங்க் வருகிறது. த டேம்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’, 1976 அக்டோபரில் வெளிவந்தது. இங்கிலாந்தின் முதல் பங்க் தனிப்பாடல் என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவது. அடுத்து யூகே சப்ஸின் ‘டவுன் ஆன் த ஃபார்ம்’. பண்ணை வீட்டில் அடைபட்டுச் சலிப்பில் சாகிறேன் என்று புலம்பும் இந்தப் பாட்டை, 1990 ஏப்ரலில் இண்டியானாபொலிஸில் விவசாயிகளுக்காக நடந்த ‘ஃபார்ம் எய்ட்’ நிதி திரட்டும் நிகழ்ச்சியிலேயே இவர்கள் பாடினார்கள். அவ்வளவு துணிச்சல் வேறு எவருக்கும் வந்திருக்காது. ஆட்லர் இவர்களோடு குழு உறுப்பினராக வாசித்த கடைசி மேடையும் அதுதான். ஆல்பத்தில் ஆக்ஸல் இதை ஒரு போலி ஆங்கிலேய உச்சரிப்பில் பாடுகிறார். சிலருக்கு எரிச்சல், எனக்குச் சிரிப்பு.

நியூயார்க் டால்ஸின் ‘ஹியூமன் பீயிங்’, இகி பாப்பும் ஸ்டூஜஸும் பாடிய ‘ரா பவர்’ இரண்டும் 1970களின் முற்பகுதியிலிருந்து வருகின்றன. மார்க் போலனின் டி. ரெக்ஸ் குழு 1972இல் வெளியிட்ட ‘பியூக் மகேன்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே சவுண்ட்கார்டன் குழுவின் ‘பிக் டம் செக்ஸ்’ அதற்குள் நுழைந்துவிடுகிறது. நாசரெத் குழுவின் ‘ஹேர் ஆஃப் த டாக்’ மட்டுமே இங்கே சுத்தமான ஹார்ட் ராக். ஆக்ஸலின் கரகரப்பான கத்தல் எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் நாசரெத்தின் பாடகர் டேன் மெக்காஃபர்ட்டியைக் கேட்டால் போதும்.

மிஸ்ஃபிட்ஸின் ‘ஆட்டிட்யூட்’, செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸும் பால் குக்கும் எழுதிய ‘பிளாக் லெதர்’, லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபியர் குழுவின் ‘ஐ டோன்ட் கேர் அபவுட் யூ’ ஆகியவை வேகமாக வந்து வேகமாகப் போகின்றன. மீதமுள்ள இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு எவை?

ஒன்று ‘எய்ன்ட் இட் ஃபன்’. இதை எழுதியவர்கள் கிளீவ்லாந்தைச் சேர்ந்த பீட்டர் லாஃப்னரும் சீட்டா குரோமும். லாஃப்னர் 1977இல், 24 வயதில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு டெட் பாய்ஸ் குழு இதைப் பதிவுசெய்தபோது பாடியவர் ஸ்டிவ் பேட்டர்ஸ். அவரும் 1990 ஜூனில் பாரிஸில் கார் மோதி இறந்தார். இளமையிலேயே செத்துவிடலாம் என்று நினைப்பது எவ்வளவு வேடிக்கை என்று குத்தலாகக் கேட்கும் பாட்டு, அதை எழுதியவரையும் பாடியவரையும் தாண்டி கன்ஸ் அண்ட் ரோஸஸிடம் வந்து சேர்ந்தது. ஆக்ஸலோடு இதில் சேர்ந்து பாடுபவர் பின்லாந்தின் ஹனோய் ராக்ஸ் குழுவின் மைக்கேல் மன்ரோ. பேட்டர்ஸின் நெருங்கிய நண்பர். ஒருவர் வரியை முடிக்குமுன் மற்றவர் பிடித்துக்கொள்கிறார். இரண்டு குரலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே போகின்றன. ஆல்பத்தின் சிறந்த ஐந்து நிமிடம் இதுவே என்பேன். இங்கிலாந்தின் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த பாடலும்கூட.

மற்றொன்று ‘யூ கான்ட் புட் யுவர் ஆர்ம்ஸ் அரவுண்ட் எ மெமரி’. நியூயார்க் டால்ஸின் கிதார் கலைஞர் ஜானி தண்டர்ஸ் 1978இல் தனியாகப் பாடியது. அவர் 1991 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார். இங்கே இது ஏறக்குறைய டஃப் ஒருவரின் வேலை. ஆக்ஸல் இதில் பாடவில்லை. டஃப்புக்குப் பெரிய குரல்வளம் கிடையாது, மேல்சுரத்தில் தடுமாறுகிறார். ஜானி தண்டர்ஸும் அப்படித் தடுமாறியவர்தான் என்பதால் பாட்டுக்கு இந்தக் குரல் சரியாக அமைந்துவிட்டது.

இது டஃப்பின் ஆல்பம் என்று சிலர் சொல்வது ஏன்?

‘நியூ ரோஸ்’, ‘ஆட்டிட்யூட்’, தண்டர்ஸின் பாட்டு ஆகியவற்றில் முன்னணிக் குரல் அவருடையது. ‘ரா பவர்’ பாட்டில் ஆக்ஸலோடு பங்கு. கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஆல்பத்தில் ஆக்ஸல் அல்லாத ஒருவர் இவ்வளவு பாடுவது அரிது.

குரல் கணக்கைவிட முக்கியமானது அவருடைய பூர்வாசிரமம். 1993இல் பலர் இந்த ஆல்பத்தைச் சந்தர்ப்பவாதம் என்று எழுதினார்கள். நிர்வாணா குழுவின் வெற்றிக்குப் பிறகு சியாட்டில் குழுக்கள் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. பங்க் திடீரென்று மரியாதைக்குரியதாகிவிட்டது. நீள்கூந்தல் ராக் நட்சத்திரங்களும் அந்த வண்டியில் ஏறிக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. டஃப்பைப் பொறுத்தவரை அது நியாயமே இல்லை. அவர் சியாட்டிலில் பிறந்து வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருமுன், பதின்ம வயதிலேயே ஃபாஸ்ட்பேக்ஸ், ஃபார்ட்ஸ், டென் மினிட் வார்னிங் ஆகிய சியாட்டில் பங்க் குழுக்களில் வாசித்தவர். நிர்வாணா என்ற பெயரே பிறக்காத காலம் அது. ஸ்லாஷையோ சோரமையோ பற்றி இதே அளவு வாதாட என்னால் முடியாது.

மற்றவர் பாடலைப் பாட அனுமதி வாங்க வேண்டாமா?

ஒலிப்பதிவுக்கு மட்டும் என்றால், அமெரிக்காவில் தேவையில்லை. அங்குள்ள பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. ஒரு பாடல் அதன் உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, சட்டம் நிர்ணயித்த தொகையைச் செலுத்தித் தம் குரலில் பதிவுசெய்து விற்கலாம். எழுதியவர் மறுக்க முடியாது. தங்கள் பாணிக்கேற்ப வாசிக்கலாம். ஆனால் அடிப்படை மெட்டையோ பாட்டின் இயல்பையோ மாற்றக் கூடாது. 1909இல், பியானோ தானாக வாசிப்பதற்கான துளையிட்ட காகிதச் சுருள்கள் விற்பனையான காலத்தில் வந்த ஏற்பாடு இது. அன்றைய கட்டணம் பிரதிக்கு 2 சென்ட். காணொளி எடுப்பதற்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கு உரிமையாளரிடம் தனியே பேசித்தான் ஆக வேண்டும்.

மூலப் பாடலாசிரியருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

1993இல் சட்டப்படியான கட்டணம் ஒரு பாடலுக்கு, ஒரு பிரதிக்கு 6.25 சென்ட். 10 லட்சம் பிரதி விற்றால் ஒரு பாடலுக்கு 62,500 டாலர். இதைவிடக் குறைவாகப் பேசி முடித்துக்கொள்வதும் உண்டு. பதிப்பகத்தின் பங்கு போகத்தான் மிச்சம் எழுதியவர் கைக்கு வரும். அமெரிக்காவில் இந்த ஆல்பம் 10 லட்சத்தைத் தாண்டி பிளாட்டினம் சான்றிதழ் பெற்றது. பிற நாட்டு விற்பனை தனி. சிறிய அரங்குகளில் வாசித்து வேனில் ஊர் ஊராகச் சுற்றிய பங்க் குழுவுக்கு இது லேசான தொகை அல்ல. கன்ஸ் அண்ட் ரோஸஸுக்கோ, தாங்களே எழுதியிருந்தால் தங்களுக்கே வந்திருக்கக்கூடிய பணம். அந்த வகையில் இந்த ஆல்பத்தைத் தாராள மனசு என்றே சொல்லலாம், கடைசிப் பாட்டைத் தவிர.

உறையில் இல்லாத அந்தப் பாடல் என்ன? அதைப் பற்றி ஏன் அவ்வளவு சர்ச்சை?

ஃபியர் குழுவின் பாட்டு முடிந்து சிறிது மௌனம். பிறகு ஒலிக்கும் கிதாரும் ஆக்ஸலின் மென்குரலும் ‘லுக் அட் யுவர் கேம், கேர்ள்’ என்ற பாட்டைத் தொடங்குகின்றன. எழுதியவர் சார்ல்ஸ் மேன்சன். 1969 ஆகஸ்டில் நடிகை ஷாரன் டேட் உட்படப் பலரைக் கொன்ற கும்பலின் தலைவன். 2017இல் சிறைவாசத்திலேயே இறந்தவன். கொலைகளுக்கு முன்பு பாடகனாகிவிட வேண்டுமென்று லாஸ் ஏஞ்சல்ஸ் இசைத்துறையின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தவன். பீச் பாய்ஸ் குழுவே 1968இல் அவனுடைய பாட்டொன்றைப் பெயரும் வரிகளும் மாற்றி டென்னிஸ் வில்சனின் பெயரில் வெளியிட்டது.

ஸ்லாஷும் டஃப்பும் இதில் வாசிக்கவில்லை. முழுக்க ஆக்ஸலின் தேர்வு. பாட்டின் இறுதியில் மேன்சனைச் செல்லப்பெயர் சொல்லி அழைத்து நன்றி வேறு கூறுகிறார். செய்தி பரவியதும் ஷாரன் டேட்டின் தங்கை பட்டி டேட் வெளிப்படையாகக் கண்டித்தார். நிறுவனத்தை உருவாக்கிய டேவிட் கெஃபனே வருத்தம் தெரிவித்தார்.

ராயல்டி, அதாவது பாட்டை எழுதியவருக்குச் சேரும் தொகை, யாருக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. ஷாரன் டேட்டோடு அதே இரவில் கொல்லப்பட்ட வொய்சிச் ஃபிரைகோவ்ஸ்கியின் மகன் பார்டெக், 1971இல் மேன்சனுக்கு எதிராக 5 லட்சம் டாலர் நஷ்டஈட்டுத் தீர்ப்புப் பெற்றிருந்தார். மேன்சனிடம் பறிமுதல் செய்ய எதுவும் இல்லாததால் அது தாளில் கிடந்தது. இப்போது பாட்டின் வருமானம் அந்த மகனுக்குப் போகும் என்று கெஃபன் அறிவித்தது. 10 லட்சம் பிரதிக்குச் சுமார் 62,000 டாலர் என்று அப்போது சொல்லப்பட்டது. முந்தைய பதிலின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சட்டக் கட்டணத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

பணம் நல்ல கைக்குப் போனது என்பதற்காகத் தேர்வு நல்லதாகிவிடாது. பாட்டு அப்படியொன்றும் சிறப்பானதல்ல; எழுதியவன் பெயரை எடுத்துவிட்டால் எவரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். ஆக, இங்கே பாடப்பட்டது பெயர்தான். அதையும் வெளிப்படையாக அச்சிடாமல் ஒளித்துவைத்தது இன்னும் மோசம். ஸ்டிவ் பேட்டர்ஸுக்கும் ஜானி தண்டர்ஸுக்கும் செலுத்திய நன்றிக்கடனுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுவந்து வைத்ததால், வெளிவந்த நாட்களில் பத்திரிகைகள் அந்த இருவரைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தப் பாடலை நீக்கிவிட்டார்களா?

நீக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. ராயல்டி பார்டெக்குக்குச் செல்கிறது என்று தெரிந்தபின் அப்படியே விட்டுவிட்டார்கள்.

முன்னட்டையில் கீழே இருக்கும் விசித்திரக் குறிகள் என்ன?

தக்காளிச் சாறில் கிடக்கும் ஸ்பகெட்டியின் படத்துக்குக் கீழே உள்ளவை, 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைக் கலங்கடித்த ‘சோடியாக்’ கொலைகாரன் பத்திரிகைகளுக்கு அனுப்பிய சங்கேத எழுத்துகள். படித்தால் எல்லாரையும் ஒருமிக்கத் திட்டும் ஒரு வசை. மேன்சன் பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் ஆக்ஸலின் அன்றைய மனப்போக்கு புரியும்.

ஆல்பம் தோல்வியா?

அமெரிக்காவில் 4ஆம் இடம், இங்கிலாந்தில் 2ஆம் இடம். வேறு குழுவாக இருந்தால் விழா எடுத்திருப்பார்கள். 1991 செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டு அமெரிக்காவின் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவர்களுக்கு இது இறக்கம். இந்த ஆல்பத்துக்காகச் சுற்றுப்பயணமும் போகவில்லை. 1994இல் கில்பி கிளார்க் வெளியேற்றப்பட்டார். 1996இல் ஸ்லாஷும், 1997இல் சோரமும் டஃப்பும் போனார்கள். அடுத்த ஆல்பம் ‘சைனீஸ் டெமாக்ரசி’ வர 2008 ஆயிற்று. அதில் பழைய ஆட்கள் ஆக்ஸலும் டிஸ்ஸியும் மட்டுமே.

இதைக் கேட்பதா, மூலப் பாடல்களைக் கேட்பதா?

ஆல்பத்தின் உறைக்குறிப்பே மூலப் பாடல்களைத் தேடிக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறது. என் கணக்கு இது: ‘நியூ ரோஸ்’, ‘ரா பவர்’ இரண்டுக்கும் மூலமே மேல். சோரமின் டிரம்ஸ் மிகவும் ஒழுங்காக, அளவெடுத்தாற்போல் விழுகிறது. டேம்டின் பதிவில் பாட்டு எந்த நொடியும் சிதறிவிடும் போலிருக்கும், அதுதான் அதன் அழகு. ‘எய்ன்ட் இட் ஃபன்’, ‘ஹேர் ஆஃப் த டாக்’ இரண்டிலும் கன்ஸ் அண்ட் ரோஸஸ் மூலத்துக்குச் சளைக்கவில்லை. ‘டவுன் ஆன் த ஃபார்ம்’ மூலத்தையே மிஞ்சிவிட்டது. யூகே சப்ஸ் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

இதுபோல் வேறு ஹார்ட் ராக் குழுக்களின் கவர் ஆல்பங்கள் உண்டா?

நிறைய. மெட்டாலிகாவின் ‘கராஜ் இன்க்.’ (1998), ரஷ் குழுவின் ‘ஃபீட்பேக்’ (2004), டெஃப் லெப்பர்டின் ‘யெ!’ (2006), டீப் பர்ப்பிளின் ‘டர்னிங் டு கிரைம்’ (2021). முதலில் ஒன்றைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்றால் மெட்டாலிகாவுடையதை எடுங்கள்.

இந்தப் பாடல்களை இப்போதும் மேடையில் வாசிக்கிறார்களா?

2016இல் ஸ்லாஷும் டஃப்பும் குழுவுக்குத் திரும்பிய பிறகு, நீண்ட கச்சேரிகளின் நடுவில் ஆக்ஸல் ஓய்வெடுக்க உள்ளே போகும்போது டஃப் ஒலிவாங்கியைப் பிடிப்பது வழக்கமாயிற்று. பெரும்பாலும் ‘ஆட்டிட்யூட்’, சில இரவுகளில் ‘நியூ ரோஸ்’. ஜானி தண்டர்ஸின் பாட்டிலிருந்து சில வரிகளை மெதுவாகப் பாடிவிட்டு, மூச்சு விடாமல் மிஸ்ஃபிட்ஸுக்குத் தாவுவார். மேன்சனின் பாட்டை எவரும் தொடுவதில்லை.